மருந்தியல் சஞ்சிகைக்கு இம்பெக்ட் பெக்டர் எவ்வளவு இருந்தால் நல்லது?

மஸ்கெலியா மாணவி:
எல்லோருக்கும் வணக்கம். நான் மருந்தாளர் பட்டப்படிப்பு இறுதி வருடம். ஆய்வை எழுதி முடித்துவிட்டேன், எங்கே அனுப்புவது என்பதில்தான் நிற்கிறேன்.

தோட்டத்தில் கொழுந்து எடுக்கிற பெண்கள் பிரஷர் மாத்திரையை ஏன் இடையில் விடுகிறார்கள் என்று லயம் லயமாகப் போய்க் கேட்டு எழுதியது. முக்கியமாக வெளிவந்தது தண்ணி மாத்திரை விஷயம். காலையில் அதைப் போட்டால் அடிக்கடி சிறுநீர் போக வேண்டும், மலையில் ஒதுங்க இடம் கிடையாது. அதனால் வேலை நாளில் விட்டுவிட்டு ஞாயிற்றுக்கிழமை மட்டும் போடுகிறார்கள். கிளினிக் புத்தகத்தைப் பார்த்தால் மாதாமாதம் மருந்து ஒழுங்காக வாங்கியதாகவே இருக்கும்.

மேற்பார்வையாளர், "இம்பெக்ட் பெக்டர் 3க்குக் குறைந்த சஞ்சிகைக்கு அனுப்பாதே" என்கிறார். சஞ்சிகையின் கட்டுரைகளை மற்றக் கட்டுரைகள் எவ்வளவு மேற்கோள் காட்டுகின்றன என்பதை வைத்து வருகிற எண் அது என்று மட்டும் தெரியும். என் பிரிவில் தேடினால் 3க்கு மேல் இருப்பது சொற்பம். அறைத் தோழி மூலிகைச் சாறு பற்றி ஆய்வு செய்தவள், அவளுக்கு 4, 5 என்று சுலபமாகக் கிடைக்கிறது. இதற்கிடையில் ஒரு சஞ்சிகையிலிருந்து மின்னஞ்சல் வந்திருக்கிறது: இம்பெக்ட் பெக்டர் 7.8, மூன்று நாளில் முடிவு, கட்டணம் 150 டொலர். இந்த எண்ணை எப்படிக் கணக்கிடுகிறார்கள்? எஸ்.ஜே.ஆர்., சைட்ஸ்கோர், கியூ1 என்பதெல்லாம் வேறு வேறா? எண் குறைந்தால் சஞ்சிகை மோசமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.

கண்டி நூலகர்:
தங்கச்சி, முதலில் அந்த 150 டொலரை யாருக்கும் அனுப்பிவிட வேண்டாம். சஞ்சிகையின் அடையாள எண்ணான ஐ.எஸ்.எஸ்.என்.ஐ எடுத்து கிளாரிவேட் நிறுவனத்தின் மாஸ்டர் ஜேர்னல் லிஸ்ட்டில் போட்டுப் பாருங்கள். இலவசம்தான், பதிவு செய்தால் போதும். இம்பெக்ட் பெக்டர் கொடுக்கிறவர்கள் அவர்கள் மட்டும்தான். அங்கே இல்லாத சஞ்சிகைக்கு அந்த எண் இருக்க வழியே இல்லை.

இப்போது கணக்கு. யூஜின் கார்ஃபீல்ட் என்ற அமெரிக்கர் 1955இல் மேற்கோள் அட்டவணை என்ற யோசனையை சயன்ஸ் சஞ்சிகையில் எழுதினார். 1964இல் அது நூலாக வந்தது, 1970களின் நடுவிலிருந்து சஞ்சிகைகளை வரிசைப்படுத்தும் ஆண்டறிக்கை வருகிறது. இன்றும் ஒவ்வொரு ஜூன் மாதமும் புதிய எண் வருகிறது. ஒரு சஞ்சிகை 2022இலும் 2023இலும் சேர்த்து 400 கட்டுரை வெளியிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த இரண்டு வருடத்துச் சரக்கை 2024இல் வந்த கட்டுரைகள் 1,200 தடவை மேற்கோள் காட்டியிருந்தால், 2024க்கான இம்பெக்ட் பெக்டர் 3.0. அவ்வளவுதான் அதன் உள்ளே இருப்பது.

ஒரு நுணுக்கம் இருக்கிறது. கீழே வகுக்கும் எண்ணில் ஆய்வுக் கட்டுரையும், ஏற்கெனவே வந்த ஆய்வுகளைத் தொகுத்துச் சொல்லும் மீளாய்வுக் கட்டுரையும் மட்டும்தான் சேரும். தலையங்கம், கடிதம் சேராது. ஆனால் அவற்றுக்குக் கிடைக்கிற மேற்கோள்கள் மேலே சேர்ந்துவிடும். ஆகவே நல்ல தலையங்கம் எழுதுகிற சஞ்சிகைக்கு எண் கொஞ்சம் கூடும். 2023 முதல் தசமத்துக்குப் பிறகு ஓர் இலக்கம் மட்டும் காட்டுகிறார்கள். முன்பு மூன்று இலக்கம் காட்டி 2.413 பெரிதா 2.409 பெரிதா என்று சண்டை பிடிப்பார்கள். அது போனது மிக நல்லது.

மஸ்கெலியா மாணவி:
ஐ.எஸ்.எஸ்.என். போட்டுப் பார்த்தேன். இல்லை. ஆனால் அவர்களுடைய பக்கத்தில் "குளோபல் இம்பெக்ட் பெக்டர்" என்று தங்க நிறத்தில் முத்திரை ஒன்று இருக்கிறதே?

பேராதனை ஆய்வுகூடம்:
அதுதான் தூண்டில். குளோபல், யுனிவர்சல், அது இது என்று முன்னால் ஒரு சொல் ஒட்டினாலே சந்தேகப்படுங்கள். யாரோ காசு வாங்கிக்கொண்டு தரும் எண் அது. பக்கத்தின் கீழே போய் ஆசிரியர் குழுவைப் பாருங்கள், அதில் உள்ளவர்களின் பல்கலைக்கழகப் பக்கத்தில் அந்தச் சஞ்சிகையின் பெயர் வருகிறதா என்று பாருங்கள். மூன்று நாளில் இரண்டு பேர் ஒரு கட்டுரையை ஒழுங்காக வாசித்துக் கருத்து எழுத முடியாது என்பது யாருக்கும் தெரிகிற விஷயம்.

நம் துறைக்கு இது புதிதில்லை. 2013இல் ஜோன் பொஹனன் என்ற பத்திரிகையாளர் சயன்ஸ் சஞ்சிகைக்காக ஒரு சோதனை செய்தார். பாசிப்பூஞ்சணத்திலிருந்து புற்றுநோய் மருந்து கண்டுபிடித்ததாக ஒரு போலிக் கட்டுரை. வேதியியலில் பள்ளிப் பிள்ளைக்கும் தெரியக்கூடிய பிழைகளை வேண்டுமென்றே வைத்திருந்தார். யாரும் காசில்லாமல் வாசிக்கக்கூடிய திறந்த அணுக்கச் சஞ்சிகைகள் 304க்கு அனுப்பினார். 157 ஏற்றுக்கொண்டன. மருந்து சம்பந்தமான போலி ஆய்வு அச்சேறினால் அதை நம்பி யாராவது ஒரு நோயாளிக்குக் கொடுப்பார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்றும் கோபம் வருகிறது.

கம்பளை மருந்தாளர்:
மேற்பார்வையாளர் சொன்ன "3" பற்றிப் பேச வேண்டும். அதுதான் பெரிய பிரச்சினை என்று நினைக்கிறேன்.

கிளாரிவேட்டில் மருந்தியலும் மருந்தகமும் ஒரே பிரிவு. அந்த ஒரே கூரைக்குள் நேச்சர் ரிவியூஸ் டிரக் டிஸ்கவரி இருக்கிறது, அதன் எண் அண்மைக் காலத்தில் 100ஐத் தாண்டியது. அது பெரும்பாலும் மீளாய்வு வெளியிடும் சஞ்சிகை. மருந்து கண்டுபிடிக்கும் ஆய்வுகூடம் ஒவ்வொன்றும் முன்னுரையில் அதை மேற்கோள் காட்டும். அதே பிரிவில் வைத்தியசாலை மருந்தகம், நோயாளி ஆலோசனை, மருந்துப் பிழை பற்றி எழுதும் சஞ்சிகைகளும் இருக்கின்றன. நம்மைப் போன்றவர்கள் அதை வாசித்துவிட்டு வார்ட்டில் வேலையை மாற்றுவோம், ஆனால் கட்டுரை எழுத மாட்டோம். கட்டுரை எழுதாதவர் மேற்கோள் காட்ட மாட்டார். ஆகவே எண் சிறிதாகவே இருக்கும். தங்கச்சியின் தோழிக்கு 5 கிடைப்பதும் இவருக்கு 2 கிடைப்பதும் தரத்தால் வந்த வித்தியாசம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது.

இது நான் மட்டும் சொல்வதில்லை. மருந்தகப் பணி பற்றிய சஞ்சிகைகளின் ஆசிரியர்கள் 2022இல் ஸ்பெயினின் கிரனாடாவில் கூடிப் பேசி, 2023இல் கிரனாடா அறிக்கை என்று ஒன்றை ஒரே நேரத்தில் பல சஞ்சிகைகளில் வெளியிட்டார்கள். ஆறு தலைப்பில் 18 பரிந்துரை. சஞ்சிகை அளவீடுகளைப் புத்தியோடு பயன்படுத்துவது அதில் ஒரு தலைப்பு. இன்னொன்று நம் கட்டுரைகள் கண்ட கண்ட சஞ்சிகைகளில் சிதறிப் போவது பற்றியது. எண்ணைத் துரத்தி வேறு துறைச் சஞ்சிகைக்கு ஓடினால் நம் துறைச் சஞ்சிகைகளுக்கு நல்ல கட்டுரையும் வராது, மேற்கோளும் வராது. மேற்பார்வையாளரிடம் அந்த அறிக்கையை அச்செடுத்துக் கொடுங்கள்.

பேராதனை ஆய்வுகூடம்:
அண்ணா, கொள்கையில் நீங்கள் சொல்வது சரி. ஆனால் எண் வேண்டாம் என்று சொல்லிவிடுவது எங்களுக்கு ஆபத்து. வெளிநாட்டுப் புலமைப்பரிசில் விண்ணப்பத்தைப் பார்க்கிறவருக்கு மஸ்கெலியாவும் தெரியாது, தண்ணி மாத்திரையும் தெரியாது. அவருக்குத் தெரிவது சஞ்சிகையின் பெயரும் கியூ1, கியூ2 என்று எந்தக் கால் பகுதியில் இருக்கிறது என்பதும்தான். தோட்டத்திலிருந்து முதல் தலைமுறையாகப் படித்து வந்த பிள்ளைக்கு அந்த ஒரு வரி கதவைத் திறக்கும்.

இன்னொன்று. பட்டியலில் இல்லாத சஞ்சிகையில் போட்டால் தேடுகிறவர் கையில் கிடைக்காது. கொத்தல ஹிம்புட்டு என்ற மூலிகைத் தேநீரை எடுத்துக்கொள்ளுங்கள். நம் நாட்டில் சர்க்கரை நோயாளிகள் 51 பேருக்குக் கொடுத்து, யாருக்கு எது போகிறது என்று இரு தரப்புக்கும் தெரியாமல் செய்த ஆய்வு அது. 2005இல் ஜேர்னல் ஒப் எத்னோஃபார்மகொலஜியில் வந்தது. அந்தச் செடி பற்றி எந்த நாட்டில் எழுதினாலும் அதைத் தொடுகிறார்கள். உள்ளூர் வெளியீடு ஒன்றில் போட்டிருந்தால் அந்த ஆய்வைத் தேடுகிறவர்கள் கண்ணில் பட்டிருக்குமா?

பண்டாரவளைக்காரன்:
இந்த கியூ1, கியூ2 என்ன கணக்கு? மகளும் இதையே சொல்கிறாள்.

கண்டி நூலகர்:
ஒரு பிரிவில் உள்ள சஞ்சிகைகளை எண் வரிசையில் அடுக்கி நான்காகப் பிரிப்பார்கள். மேல் கால் பகுதி கியூ1. ஒரு சஞ்சிகை இரண்டு பிரிவில் இருந்தால் ஒன்றில் கியூ1, மற்றதில் கியூ3 என்றும் வரும். கிளாரிவேட்டின் கால் பகுதியும் சிமாகோ என்ற இன்னொரு பட்டியலின் கால் பகுதியும் ஒன்றாக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை. "கியூ1" என்று யாராவது சொன்னால் எந்தப் பட்டியல், எந்தப் பிரிவு, எந்த வருடம் என்று மூன்று கேள்வி கேளுங்கள். மகளுக்கும் சொல்லுங்கள்.

மற்ற எண்கள் பற்றி மாணவி கேட்டதற்கு இப்போது வருகிறேன்.

சைட்ஸ்கோர் எல்சிவியர் பதிப்பகத்தின் ஸ்கோபஸ் என்ற மேற்கோள் தரவுத்தளத்திலிருந்து வருவது, 2016 டிசம்பரில் தொடங்கியது. 2020இல் முறையை மாற்றினார்கள். இப்போது நான்கு வருடக் கட்டுரைகளுக்கு அதே நான்கு வருடத்தில் கிடைத்த மேற்கோள். காலம் நீளமானதால் பெரும்பாலும் இம்பெக்ட் பெக்டரை விடப் பெரிய எண்ணாக வரும். இரண்டையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் தப்பான முடிவுக்குத்தான் வருவோம். நல்ல விஷயம், ஸ்கோபஸின் சஞ்சிகைப் பட்டியலை யாரும் இலவசமாகப் பார்க்கலாம்.

எஸ்.ஜே.ஆர்., அதாவது சிமாகோ தரும் எண், வேறு ஜாதி. இதுதான் கௌரவத்தை அளக்க முயல்வது. இம்பெக்ட் பெக்டர் கொழுந்து நிறுக்கிற மடுவத்துத் தராசு மாதிரி, யார் கூடையில் வந்தாலும் கிலோ கிலோதான். எஸ்.ஜே.ஆர். மேற்கோள் எங்கிருந்து வருகிறது என்று பார்க்கும். பெரிய மதிப்புள்ள சஞ்சிகை ஒன்று காட்டுகிற மேற்கோளுக்கு எடை அதிகம், யாரும் கண்டுகொள்ளாத சஞ்சிகை காட்டுவதற்கு எடை குறைவு. அந்தப் பெரிய சஞ்சிகைக்கு மதிப்பு எங்கிருந்து வந்தது? அதை மேற்கோள் காட்டியவர்களிடமிருந்து. இப்படி மறுபடி மறுபடி கணக்கிட்டு எண் நிலைக்கும் வரை ஓட்டுவார்கள். கூகுள் இணையப் பக்கங்களை வரிசைப்படுத்தத் தொடங்கிய முறையும் இந்த அடிப்படையில்தான். எஸ்.ஜே.ஆரில் மூன்று வருடக் கணக்கு. சஞ்சிகை தன்னைத் தானே மேற்கோள் காட்டுவது, அது காட்டும் மொத்த மேற்கோளில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போனால் மிச்சத்தை எண்ணாமல் விட்டுவிடும்.

ஐகன்ஃபாக்டர் வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் 2007இல் தொடங்கியது. அதுவும் இதே வழிதான். ஐந்து வருடம் பார்க்கும், சஞ்சிகை தன்னையே காட்டும் மேற்கோளை அடியோடு ஒதுக்கிவிடும். அப்புறம் ஸ்னிப், நெதர்லாந்தின் லைடன் பல்கலைக்கழகத்தில் ஹெங்க் மூட் 2010இல் கொண்டுவந்தது. துறைக்குத் துறை மேற்கோள் காட்டும் பழக்கம் மாறுவதை அது சரிக்கட்டும். கம்பளை அண்ணா சொன்ன பிரச்சினைக்கு ஓரளவு மருந்து இந்த ஸ்னிப்தான். தங்கச்சி உங்கள் மேற்பார்வையாளரோடு பேசும்போது 3 என்ற வெறும் எண்ணுக்குப் பதில் ஸ்னிப்பையும் பிரிவுக்குள் இடத்தையும் காட்டுங்கள்.

மஸ்கெலியா மாணவி:
நன்றி சேர். அப்படியானால் கியூ1 சஞ்சிகையில் வந்தால் என் கட்டுரைக்கும் அவ்வளவு மேற்கோள் கிடைக்கும் என்று எடுத்துக்கொள்ளலாமா?

கண்டி நூலகர்:
முடியாது, இதைத்தான் எல்லோரும் தவறாக விளங்கிக்கொள்கிறார்கள்.

சராசரி என்பது ஒரு சில கட்டுரைகள் தூக்கிப் பிடிப்பது. 2016இல் நேச்சர், சயன்ஸ், பிளோஸ் ஒன் உட்பட 11 சஞ்சிகைகளின் மேற்கோள் பரவலைப் படமாகப் போட்டுக் காட்டினார்கள். 65 முதல் 75 சதவீதமான கட்டுரைகளுக்கு அந்தந்தச் சஞ்சிகையின் இம்பெக்ட் பெக்டர் காட்டும் அளவுக்குக் கூட மேற்கோள் இல்லை.

இதைவிடத் தெளிவான சம்பவம் ஒன்று இருக்கிறது. படிக அமைப்பு பற்றிய ஆக்டா கிரிஸ்டலோகிராஃபிகா ஏ என்ற சஞ்சிகை. 2008க்கான அதன் எண் 2 சொச்சம். அடுத்த வருடம் 49.9. நம்ப முடிகிறதா? காரணம் ஒரே ஒரு கட்டுரை. ஜெர்மனியில் வேலை செய்த ஜோர்ஜ் ஷெல்ட்ரிக் என்ற பிரித்தானிய விஞ்ஞானி ஷெல்எக்ஸ் என்ற தன் கணினி நிரல்களின் வரலாற்றை 2008இல் எழுதினார். மூலக்கூறின் படிக அமைப்பைக் கண்டுபிடிக்க அந்த நிரலைப் பயன்படுத்துகிற ஆய்வுகூடம் எல்லாம், மருந்து வேதியியல்காரர்களும் சேர்த்துத்தான், அதை மேற்கோள் காட்டினார்கள். அந்த வருடம் அதே சஞ்சிகையில் எழுதிய மற்றவர்களின் ஆய்வு ஒரே இரவில் இருபது மடங்கு சிறந்ததாகிவிட்டதா? இல்லையே. இரண்டு வருடக் கணக்கு முடிந்ததும், 2011இல், எண் பழையபடி 2க்கு வந்துவிட்டது.

இதனால்தான் 2012 டிசம்பரில் சான் பிரான்சிஸ்கோவில் கூடியவர்கள், ஒரு தனி ஆய்வாளரையோ கட்டுரையையோ மதிப்பிட சஞ்சிகையின் எண்ணைப் பயன்படுத்தாதீர்கள் என்று பிரகடனம் செய்தார்கள். டோரா என்று சொல்வார்கள். 2015இல் லைடன் அறிக்கையும் இதையொட்டியே வந்தது. எண்ணை ஏற்றிவிடும் வேலைகளும் நடக்கின்றன. எனக்குத் தெரிந்த ஓர் ஆய்வாளரிடம், கட்டுரையை ஏற்பதற்கு முன் தங்கள் சஞ்சிகையின் அண்மைக் கட்டுரைகளை மேற்கோளில் சேர்க்கச் சொல்லியிருக்கிறார்கள். விஷயத்துக்கும் அந்தக் கட்டுரைகளுக்கும் சம்பந்தமே இல்லை. அவர் மறுத்து வேறு இடத்துக்கு அனுப்பினார். அதுதான் சரி. அளவுக்கு மீறித் தன்னையே மேற்கோள் காட்டும் சஞ்சிகைகளின் எண்ணைக் கிளாரிவேட் நிறுத்திவைக்கிறது. 2025 முதல் மீளப்பெறப்பட்ட கட்டுரைகளுக்குக் கிடைத்த மேற்கோள்களையும் கணக்கில் சேர்ப்பதில்லை. தாமதமாக வந்தாலும் வரவேற்கிறேன்.

நோர்வூட் தோட்ட மருந்தகம்:
நான் தோட்டத்து மருந்தகத்தில் வேலை செய்கிறவன். கட்டுரை எழுதுகிறவன் இல்லை, வாசிக்கிறவன். அதனால் வாசிக்கிற பக்கத்திலிருந்து ஒன்று சொல்கிறேன்.

தண்ணி மாத்திரை பற்றி மாணவி எழுதியதைப் படித்ததும் எங்கள் பக்கத்துப் பெண்களிடம் கேட்டுப் பார்த்தேன். அப்படியே சொல்கிறார்கள். மருந்து வேளையைப் பிற்பகலுக்கு மாற்ற முடியுமா என்று டொக்டரிடம் கேட்க வேண்டும் என்று எழுதி வைத்திருக்கிறேன். இந்தக் கட்டுரை பூட்டிய சஞ்சிகையில் வந்தால் நான் எப்படி வாசிப்பது? ஒரு கட்டுரைக்கு முப்பது நாற்பது டொலர் கேட்கிறார்கள். ஸ்ரீலங்கா ஜேர்னல்ஸ் ஒன்லைன் பக்கத்தில் வருகிறது என்றால் போனிலேயே திறந்து வாசிப்பேன்.

பேராதனை மருத்துவ பீடத்தில் மருந்தியல் பேராசிரியராக இருந்த சேனக பிபிலேயை நினைத்துப் பாருங்கள். அவரும் டொக்டர் எஸ். ஏ. விக்கிரமசிங்கவும் 1971இல் கொடுத்தது ஓர் அறிக்கை. அதை வைத்து அரச மருந்தாக்கல் கூட்டுத்தாபனம் வந்தது, வணிகப் பெயரை விட்டு மருந்தின் பொதுப் பெயரில் வாங்கும் வழக்கம் வந்தது. என் அலுமாரியில் இருக்கிற ஒவ்வொரு மாத்திரைப் போத்தலிலும் அதன் பலன் இருக்கிறது. அதற்கு எந்த இம்பெக்ட் பெக்டர்?

பேராதனை ஆய்வுகூடம்:
அண்ணா, இதற்கு என்னிடம் மறுப்பு இல்லை. இருந்தாலும் பட்டியலில் இருக்க வேண்டும், தேடினால் கிடைக்க வேண்டும் என்பதை விட மாட்டேன். உள்ளூரிலேயே அப்படிப்பட்டவை இருக்கின்றன. சிலோன் மெடிக்கல் ஜேர்னல் 1887இலிருந்து வருகிறது, பப்மெட் என்ற மருத்துவக் கட்டுரைத் தேடல் தளத்தில் தேடினால் கிடைக்கும், வாசிக்கக் காசும் வேண்டாம். எண்ணை மட்டும் பார்த்தால் கீழே தள்ளிவிடுவீர்கள், ஆனால் நம் நாட்டு வைத்தியர் வாசிக்கிறார்.

கம்பளை மருந்தாளர்:
தங்கச்சி, பட்டியலில் இருக்கிற, மருந்தகப் பணிக்கென்றே உள்ள, திறந்த அணுக்கம் தருகிற சஞ்சிகையை முதலில் பாருங்கள். கட்டணம் கேட்டால் கட்டுரையை அனுப்புவதற்கு முன்பே தள்ளுபடி கேட்டு எழுதுங்கள். ஏற்றுக்கொண்ட பிறகு கேட்டால் பெரும்பாலும் தரமாட்டார்கள். கடைசியாக வந்த இரண்டு மூன்று இதழ்களைத் திறந்து, உங்கள் மாதிரி ஆய்வு அதில் வந்திருக்கிறதா என்று பாருங்கள்.

மஸ்கெலியா மாணவி:
இன்று மேற்பார்வையாளரிடம் கிரனாடா அறிக்கையைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாசித்துவிட்டு, 3 என்ற கட்டளையை விட்டுவிட்டார், "பிரிவுக்குள் நடுவுக்கு மேல் இருக்கட்டும், ஸ்கோபஸில் இருக்கட்டும்" என்றார். மருந்தகப் பணிச் சஞ்சிகை ஒன்றைத் தேர்ந்திருக்கிறோம். தள்ளுபடிக்கு மின்னஞ்சல் போட்டாகிவிட்டது. அது கிடைக்காவிட்டால் உள்ளூர் சஞ்சிகைக்கு. நோர்வூட் அண்ணா, எப்படியானாலும் தமிழில் இரண்டு பக்கச் சுருக்கம் எழுதி உங்களுக்கு அனுப்புகிறேன், மற்றத் தோட்ட மருந்தகங்களுக்கும் கொடுங்கள்.

ஒரே ஒரு சந்தேகம் மட்டும். விண்ணப்பத்தில் சஞ்சிகையின் எண்ணை எப்படி எழுதுவது?

கண்டி நூலகர்:
எந்த அளவீடு, எந்த வருடத்துக்குரியது, எந்தப் பிரிவில் எத்தனையில் எத்தனையாவது இடம் என்று ஒரே வரியில் எழுதுங்கள். கட்டுரை வெளிவந்த வருடத்துக்குரிய எண்ணைப் போடுங்கள். அது வெளிவர அடுத்த வருடம் ஜூன் ஆகும், அதுவரை முந்தைய வருட எண்ணைப் போட்டு வருடத்தைக் குறிப்பிடுங்கள். அதற்குக் கீழே உங்கள் ஆய்வு என்ன கண்டுபிடித்தது என்பதை இரண்டு வரியில் எழுத மறக்க வேண்டாம். விண்ணப்பம் பார்க்கிறவர் முதலில் வாசிக்க வேண்டியது அதைத்தான்.